ஒட்டகத்தைப் பார்க்காத நால்வர்

ஒட்டகத்தைத் தொலைத்துவிட்டுத் தேடி வரும் வணிகன் ஒருவன் வழியில் நான்கு இளைஞர்களைச் சந்திக்கிறான். "உன் ஒட்டகத்துக்கு ஒரு கால் நொண்டியோ?" என்று கேட்கிறான் முதலாமவன். "வலக்கண் குருடோ?" என்கிறான் இரண்டாமவன். "வால் வழக்கத்தைவிடக் குட்டையோ?" இது மூன்றாமவன். "பாவம், அதற்கு வயிற்றுவலி இருந்ததோ?" என்கிறான் நான்காமவன். நான்கும் சரி. எங்கே பார்த்தீர்கள் என்று வணிகன் ஆவலோடு கேட்க, "நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை" என்கிறார்கள். இவர்கள்தாம் திருடர்கள் என்று முடிவுகட்டிய வணிகன் அவர்களை அரசன் அளகேசன் முன் கொண்டுபோய் நிறுத்துகிறான்.

விளக்கம் பலருக்கும் நினைவிருக்கும். சுவடுகளில் ஒரு காலின் தடம் மட்டும் குறைந்திருந்தது, எனவே நொண்டி. சாலையின் இடப்புறத்து இலைகள் மட்டும் மேயப்பட்டிருந்தன, வலப்புறம் தொடப்படவில்லை. எனவே வலக்கண் தெரியாது. வழியெல்லாம் இரத்தத் துளிகள் கிடந்தன. கொசுவும் ஈயும் கடித்த இடத்திலிருந்து சிந்தியவை. அவற்றை ஓட்ட நீளமான வால் இல்லை. முன்னங்கால் தடங்கள் ஆழமாகவும் பின்னங்கால் தடங்கள் மண்ணில் பட்டும் படாமலும் இருந்தன. வலியால் வயிற்றை ஒடுக்கியபடி நடந்திருக்கிறது. அரசன் வியந்து நால்வரையும் தன் அமைச்சர்களாக்கிக்கொள்கிறான்.

எனக்கு இக்கதையைச் சொன்னவர் நான்காம் வகுப்பு ஆசிரியர். உன்னிப்பாகக் கவனிக்கவேண்டும் என்பதற்காகச் சொன்னார். நாங்களும் அன்று மாலை பள்ளிக்கு வெளியே சைக்கிள் தடங்களைப் பார்த்து யார் வீட்டுக்கு யார் வந்துபோனார்கள் என்று துப்பறிந்தோம். ஒரு வீட்டில் அடியும் வாங்கினோம். அந்த அடி ஏன் விழுந்தது என்பதை நான் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

இக்கதை அளகேச கதை, அல்லது நான்கு மந்திரி கதை என்ற தொகுதியின் தொடக்கப்பகுதி. இதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் பண்டித ச.ம. நடேச சாஸ்திரி. டபிள்யூ.ஏ. கிளவுஸ்டன் 1889இல் வெளியிட்ட கீழைக்கதைகளின் தொகுப்பில் அது இடம்பெற்று உலகின் நாட்டாரியல் ஆய்வாளர்களைச் சென்றடைந்தது. அதே நடேச சாஸ்திரிதான் 1894இல் தானவன் என்ற போலீஸ் நிபுணனைக் கொண்டு தமிழின் தொடக்ககாலத் துப்பறியும் நூலையும் எழுதினார். ஒட்டகத் தடத்திலிருந்து போலீஸ் நிபுணனுக்கு ஐந்தே ஆண்டுகள். இது தற்செயலாக இருக்கலாம். ஆனால் தடம் படிக்கும் கலை எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பற்றி யோசிக்க இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைக்காது.

*

2013 ஜூன் மாதம், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் ஆவணங்களை எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்தியபோது, முதலில் வெளிவந்தவற்றுள் ஒன்று நீதிமன்ற ஆணை. வெரைசன் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்புப் பதிவுகள் அனைத்தையும் நாள்தோறும் அம்முகமைக்குக் கொடுக்கவேண்டும் என்றது அது. சில நாட்களில் அதிபர் ஒபாமா மக்களுக்கு ஆறுதல் சொன்னார்: உங்கள் பேச்சை யாரும் ஒட்டுக்கேட்கவில்லை, எண்களையும் அழைப்பின் நேர அளவையும்தான் பார்க்கிறார்கள்.

நாங்கள் ஒட்டகத்தைப் பார்க்கவே இல்லை என்று நால்வர் சொன்னதும் இதுதான். அவர்கள் சொன்னது முழு உண்மை. அதிபர் சொன்னதும் பொய்யில்லை.

மெட்டாடேட்டா என்பதைத் தமிழில் மீத்தரவு, மேனிலைத் தரவு என்றெல்லாம் பெயர்க்கிறார்கள். தரவைப் பற்றிய தரவு என்று அகராதி விளக்கம் சொல்லும். அதனால் ஒன்றும் விளங்குவதில்லை. சிலப்பதிகாரத்தில் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது. புகார் நகரின் வெள்ளிடை மன்றத்தில் வணிகப் பொதிகள் காவலின்றிக் குவிந்துகிடக்கின்றன. உரியவர் பெயரும் எண்ணிக்கையும் பொதியின் மேல் எழுதப்பட்டிருக்கின்றன. அதற்குப் பெயர் கண்ணெழுத்து. பொதிக்குள் இருப்பது பேச்சு, கடிதம், புகைப்படம். வெளியே எழுதியிருப்பது யார், யாருக்கு, எப்போது, எங்கிருந்து, எவ்வளவு நேரம், எந்தக் கருவி வழியாக. நாம் பேசும் செய்தியைக் குறியாக்கம் செய்து பூட்டிவிடலாம். வாட்ஸப் 2016 முதல் அப்படித்தான் செய்கிறது. ஆனால் பொதி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச்சேர வேண்டுமானால் மேலே ஏதேனும் எழுதித்தானே ஆகவேண்டும்?

அம்மன்றத்தில் பொதியைத் திருடியவனைப் பொதியோடு சுற்றிச்சுற்றி வரவைக்கும் தெய்வ ஆற்றல் ஒன்று உண்டு. வெறுமனே கண்ணெழுத்தை வாசித்துக்கொண்டே போகிறவனை அது ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நிலையும் ஏறத்தாழ அதுதான். ஸ்மித் எதிர் மேரிலாந்து என்ற வழக்கில் 1979இல் அது தீர்ப்பளித்தது: ஒருவர் சுழற்றும் எண்களை அவரே தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுகிறார், ஆகவே அதில் அந்தரங்கம் எதையும் அவர் எதிர்பார்க்க இயலாது. பால்டிமோரில் கொள்ளை வழக்கில் சந்தேகிக்கப்பட்ட ஒரே ஒருவரின் தொலைபேசி பற்றிய வழக்கு அது. 34 ஆண்டுகள் கழித்து ஒரு நாடு முழுவதன் அழைப்புகளையும் குவித்துவைப்பதற்கு அதையே ஆதாரமாகக் காட்டினார்கள்.

கண்ணெழுத்தை மட்டும் வைத்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஜொனாதன் மேயரும் பேட்ரிக் மட்ச்லரும் சோதித்துப் பார்த்தார்கள். 2016இல் வெளிவந்த அவர்களது ஆய்வில் 823 தன்னார்வலர்கள் தம் தொலைபேசிப் பதிவுகளைக் கொடுத்திருந்தார்கள். பேச்சு ஒரு சொல்லும் இல்லை. ஒருவர் நரம்பியல் மருத்துவமனைகள் சிலவற்றோடும், சிறப்பு மருந்தகம் ஒன்றோடும், ஒரே ஒரு நோய்க்கு மட்டும் பயன்படும் மருந்தின் உதவி எண்ணோடும் பேசியிருந்தார். அவருடைய நோயைச் சொல்ல மருத்துவர் தேவையில்லை. இன்னொருவர் மூன்று வாரங்களில் வன்பொருள் கடை, பூட்டுத் தொழிலாளர், மண்ணில்லா வேளாண்மைக் கருவிகள் விற்பவர், கஞ்சா புகைக்கும் பொருட்கள் விற்கும் கடை ஆகியோரை அழைத்திருந்தார். நான்கு கேள்விகள், ஒரு ஒட்டகம்!

*

ஒட்டகக் கதை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. உலகம் சுற்றிய கதை இது. ஒவ்வோர் ஊரிலும் அது புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டது. அப்படிக் கற்றுக்கொண்டவை எல்லாமே அந்தரங்கத்தைப் பற்றியவை என்பதுதான் என்னை வியக்கவைக்கிறது.

பாபிலோனியத் தால்முத்தில் கதைமாந்தர் சிறைக்கைதிகள். கர்மேல் மலையில் பிடிக்கப்பட்ட யூதர் இருவர் முன்னே நடக்க, பிடித்தவன் பின்னே வருகிறான். நமக்கு முன்னால் போகும் ஒட்டகத்துக்கு ஒரு கண் குருடு, அதன் மேல் இரண்டு தோற்பைகள், ஒன்றில் திராட்சை மது, மற்றதில் எண்ணெய் என்கிறார்கள் கைதிகள். மண்ணில் உறிஞ்சப்பட்ட துளிகளும் மேலே நின்ற துளிகளும் அதைச் சொல்லிவிட்டன. அத்தோடு நிற்கவில்லை. ஒட்டகத்தை ஓட்டிச்செல்பவர்கள் இருவர். ஒருவன் யூதன், இன்னொருவன் வேற்றினத்தான். எப்படித் தெரியும்? ஒருவன் நடுவழியிலேயே சிறுநீர் கழித்திருக்கிறான், மற்றவன் ஓரமாக ஒதுங்கிப் போயிருக்கிறான். பிடித்தவன் ஓடிப்போய்ப் பார்த்து, எல்லாம் சரியென்று கண்டு, கைதிகளை முத்தமிட்டு, விருந்து வைத்து, அவர்கள் முன் ஆடிக் களித்து விடுதலை செய்கிறான்.

வழியில் எந்த இடத்தில் ஒதுங்கினான் என்பதிலிருந்து ஒருவனுடைய சமயத்தைக் கண்டுபிடித்தாயிற்று. 2020 நவம்பரில் அமெரிக்க இதழ் ஒன்று வெளியிட்ட செய்தி இது: தொழுகை நேரத்தையும் கிப்லா திசையையும் காட்டும் முஸ்லிம் ப்ரோ என்ற செயலியிலிருந்து பயனர்களின் இருப்பிடத் தரவு எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்குப் போனது, அந்நிறுவனம் ராணுவ ஒப்பந்தக்காரர்களுக்குத் தரவு விற்றுவந்தது. செய்தி வந்ததும் செயலியின் உரிமையாளர்கள் தொடர்பை முறித்துக்கொண்டார்கள். திசை பார்த்துத் தொழ நின்றவர்கள் தம் திசையையே விற்றுக்கொண்டிருந்தோம் என்று அறியவில்லை.

அரபு மரபில் கதை நிஸாரின் நான்கு மக்களைப் பற்றியது. அல்-தபரி உள்ளிட்ட வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒட்டகப் புதிரை அவிழ்த்தபின் அவர்களை விருந்துக்கு அழைக்கும் ஜுர்ஹும் குலத்தலைவன், அவர்கள் தனிமையில் என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்க ஏற்பாடு செய்கிறான். தடம் படிப்பவர்களின் பேச்சையே உளவறிகிறான்! அவர்கள் பேசிக்கொண்டது இது: மது அருமை, ஆனால் கல்லறை மேல் வளர்ந்த கொடியின் கனி, இறைச்சி அருமை, ஆனால் நாய்ப்பால் குடித்து வளர்ந்த ஆடு, விருந்தளித்தவர் உயர்ந்த மனிதர், ஆனால் தன் தந்தை என்று அவர் சொல்லிக்கொள்பவருக்குப் பிறந்தவர் அல்லர். அவன் தன் தாயிடம் போய்க் கேட்கிறான். உண்மைதான். ஒட்டுக்கேட்டவனுக்குக் கிடைத்த செய்தி அவனுடைய பிறப்பின் இரகசியம். கதை சொன்னவர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அமீர் குஸ்ரோ பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மொழியில் எழுதிய எட்டுச் சுவர்க்கங்கள் என்ற காவியத்தில் இது செரந்தீப், அதாவது இலங்கை, இளவரசர் மூவரின் கதையாகிறது. அங்கிருந்து வெனிசு நகருக்குப் போய் 1557இல் இத்தாலிய மொழியில் அச்சேறுகிறது. இவ்வடிவத்தின் ஏதோவொரு பிரதியை இளமையில் படித்த ஹோரஸ் வால்போல் 1754 ஜனவரியில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் செரண்டிபிட்டி என்ற சொல்லை ஆக்கினார். எதிர்பாராமல் நல்லது கிட்டும் இனிமைக்கு இலங்கையின் பெயர் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

வெனிசுக் கதையில் ஒட்டகத்தின் ஒருபக்கம் வெண்ணெய், மறுபக்கம் தேன். ஒருபக்கம் எறும்பும் மறுபக்கம் ஈயும் மொய்த்திருந்ததால் தெரிந்தது. ஒட்டகத்தின் மேல் ஒரு பெண் இருந்தாள் என்பதும், அவள் கருவுற்றிருந்தாள் என்பதும் தெரிந்தது. இறங்கிய இடத்தில் எழுந்திருக்கச் சிரமப்பட்டுத் தரையில் கையூன்றியிருக்கிறாள். இரண்டு உள்ளங்கைகளின் பதிவு மண்ணில் இருந்தது. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வழியில் போன மூன்று அந்நியர்கள் ஓர் அரசவையில் நின்று அவளுடைய கருவை அறிவிக்கிறார்கள். அவையோர் அவர்களுடைய அறிவைப் போற்றுகிறார்கள்.

2012 பிப்ரவரியில் சார்லஸ் டுஹிக் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரையைப் பலர் படித்திருப்பீர்கள். டார்கெட் என்ற அங்காடி நிறுவனம் வாடிக்கையாளர் வாங்கும் பொருட்களில் ஏறத்தாழ 25ஐ வைத்து ஒரு பெண் கருவுற்றிருக்கிறாளா என்று மதிப்பிடும் முறையை உருவாக்கியிருந்தது. மணமற்ற களிம்பு, சில சத்து மாத்திரைகள், பஞ்சு. ஒவ்வொன்றும் எறும்பு, ஈ, உள்ளங்கைப் பதிவு. மகள் கருவுற்றிருப்பதைத் தந்தைக்கு முன்பே அங்காடி அறிந்துகொண்டதாக அதில் வரும் நிகழ்ச்சி அப்படியே நடந்ததா என்று பின்னர் சிலர் ஐயம் எழுப்பினார்கள். நடந்ததோ இல்லையோ, உலகமெங்கும் வாய்வழியாகப் பரவி அதுவே ஒரு நாட்டார் கதையாகிவிட்டது. மக்கள் தமக்குத் தேவையான கதையை எப்போதும் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்.

*

இக்கதையைக் கையிலெடுத்தவர்களில் தடம் படிப்பவனைத் தண்டித்தவர் வோல்தேர். 1748இல் வெளிவந்த ஸாதிக் என்ற அவருடைய நூலில் ஒட்டகத்துக்குப் பதில் அரசியின் நாயும் அரசனின் குதிரையும் காணாமற்போகின்றன. இரண்டையும் பார்க்காமலேயே துல்லியமாக விவரித்த ஸாதிக்குக்குச் சவுக்கடியும் நாடுகடத்தலும் விதிக்கிறார்கள். உடனே விலங்குகள் அகப்பட்டுவிட, தண்டனை 400 அவுன்சு பொன்னாகக் குறைகிறது. பின் குற்றமற்றவன் என்று தெரிந்து பணத்தைத் திருப்பித் தருகையில் நீதிமன்றச் செலவுக்கென்று 398 அவுன்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். (நம் ஊர் வழக்காடிகள் இவ்விடத்தை நன்கு ரசிப்பார்கள்.) இனி எதைக் கண்டாலும் வாய்திறப்பதில்லை என்று ஸாதிக் முடிவுசெய்கிறான். அடுத்து ஓர் அரசியல் கைதி தப்பி அவன் சன்னலுக்குக் கீழே ஓடுகிறான். ஸாதிக் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்நேரத்தில் அவன் சன்னல் வழியே வெளியே பார்த்தான் என்பது மெய்ப்பிக்கப்படுகிறது. அபராதம் 500 அவுன்சு.

சன்னல் வழியே பார்த்ததற்கு அபராதம் என்பதை வோல்தேரின் மிகைநகை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். 2020 ஜனவரியில் ஃப்ளோரிடா மாநிலம் கெயின்ஸ்வில் நகரில் ஒருவருக்குக் கூகுளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: உம்முடைய கணக்கு விவரங்களைக் காவல்துறை கேட்டிருக்கிறது, தடுக்க விரும்பினால் ஏழு நாட்களுக்குள் நீதிமன்றம் போகவும். அவர் ஏன் என்று தேடிப்பார்த்தார். பத்து மாதங்களுக்கு முன் ஒரு முதியவரின் வீட்டில் திருட்டு நடந்திருந்தது. அந்நேரத்தில் அவ்வீட்டருகே இருந்த கைபேசிகள் எவை என்று காவலர்கள் கூகுளைக் கேட்டிருந்தார்கள். இவர் உடற்பயிற்சிக்காக அந்தத் தெருவைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டுபவர். எவ்வளவு தூரம் ஓட்டினோம் என்று கணக்கிடும் செயலி கைபேசியில் ஓடிக்கொண்டிருந்தது. அன்று ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை அவ்வீட்டைக் கடந்திருக்கிறார். வேவு பார்க்க வந்த திருடன் என்று பொருள்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்? குடும்பத்தாரிடம் பணம் பெற்று வழக்கறிஞர் வைத்தபின் காவல்துறை பின்வாங்கியது.

மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் ஏன் அஞ்சவேண்டும் என்று கேட்பவர்கள் எல்லாக் கூட்டங்களிலும் உண்டு. அந்தச் சைக்கிள்காரரிடமும் மறைக்க ஒன்றும் இல்லை. மறைக்காததுதான் அவருடைய சிக்கல்.

*

வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் 1979இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இக்கதைகளுக்குப் பின்னால் வேட்டைக்காரனைக் கண்டார். ஆயிரமாயிரம் ஆண்டுகள் மண்ணில் குனிந்து தடம் தேடிய மனிதனின் அறிவு இது. ஏட்டில் எழுதப்படாதது, எளியவர்களுக்குரியது. தால்முத்தின் கைதிகளை நினைத்துப் பார்க்கையில் இது சரியாகவே படுகிறது. அடிமைக்கு இருந்த ஒரே செல்வம் அந்தக் கண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசு அதைத் தனதாக்கிக்கொண்டதையும் கின்ஸ்பர்க் காட்டுகிறார். அதற்கான முதல் பரிசோதனைக்கூடங்களில் ஒன்று நம் நாடு. 1858இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷெல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைக்குக் கப்பி கொடுக்கும் ஒப்பந்தத்தில் ராஜ்யதர் கோனாய் என்பவருடைய கையில் மை பூசி உள்ளங்கையை அப்படியே ஒற்றியெடுத்தார். பின்னாளில் பேச்சு மாறாமலிருக்க ஒரு மிரட்டல், அவ்வளவுதான் முதலில். 1897இல் கல்கத்தாவில் கைரேகை நிலையம் அமைந்தது. மண்ணில் கையூன்றி எழுந்த அந்தப் பெண்ணின் உள்ளங்கையும் இந்த உள்ளங்கையும் என் மனத்தில் அருகருகே இருக்கின்றன. மண்ணில் பதிந்ததைக் காற்று மூடிவிடும். தாளில் பதிந்தது இன்னும் இருக்கிறது.

காற்று என்பது இதில் சிறிய விஷயமில்லை. நால்வரும் ஒரு பகல் தாமதித்து வந்திருந்தால் கதையே இல்லை. ஜெர்மானியப் பசுமைக் கட்சி அரசியல்வாதி மால்ட்டே ஸ்பிட்ஸ், தன்னைப் பற்றித் தொலைபேசி நிறுவனம் சேமித்துவைத்திருந்த பதிவுகளை வழக்குத் தொடுத்துப் பெற்றார். 2009 ஆகஸ்ட் முதல் 2010 பிப்ரவரி வரையிலான ஆறு மாதங்களுக்கு 35,830 வரிகள். ஒரு செய்தித்தாள் அதை 2011இல் நிலப்படத்தில் ஓடவிட்டுக் காட்டியது. எந்த ரயிலில் போனார், எந்த ஊரில் உறங்கினார், எப்போது விழித்தார் என்று ஒரு சிறு புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். தன் வாழ்வில் தானே மறந்துபோன நாட்களை அவர் அதில் பார்த்தார். அப்பதிவுகளைச் சேமிக்கச் சொன்ன ஜெர்மானியச் சட்டம் 2010இலும், அதன் மூலமான ஐரோப்பிய ஆணை 2014இலும் நீதிமன்றங்களால் தள்ளுபடியாயின. இந்தியாவில் எதிர்த்திசை: நிறுவனங்கள் அழைப்புப் பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கவேண்டும் என்றிருந்த உரிம விதியை 2021 டிசம்பரில் அரசு ஈராண்டாக்கியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017இல் தீர்ப்பளித்த நாட்டில் இது பெரிதாகப் பேசப்படவும் இல்லை.

*

அளகேச கதைக்குத் திரும்புகிறேன். ஒட்டக நிகழ்ச்சி அக்கதையின் முன்வாயில்தான். உலகமெங்கும் பரவிய வடிவங்கள் அந்த வாயிலோடு நின்றுவிட்டன; நம் பள்ளிக்கூடக் கதையும் அங்கேயே நின்றது. உள்ளே நடப்பது வேறு.

அமைச்சரான நால்வரும் முறைவைத்து இரவுக் காவல் காக்கிறார்கள். முதல் அமைச்சன் போதாதித்தனின் முறையில் ஒரு பாம்பு அரசனின் பள்ளியறைக்குள் நுழைகிறது. அவன் பின்தொடர்ந்து போய் அதைக் கொல்கிறான். நஞ்சு ஒரு துளி உறங்கும் அரசியின் மேல் தெறித்துவிடுகிறது. அரசி இறந்துவிடக்கூடாதே என்று அதைத் துடைக்கிறான். அதற்குள் அவள் விழித்துக்கொள்கிறாள். நள்ளிரவு, பள்ளியறை, அரசியின் மேல் அந்நிய ஆணின் கை. அரசன் முடிவுக்கு வர வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

யார், எங்கே, எப்போது: மூன்றும் அரசனிடம் உள்ளன. மூன்றும் பிழையற்றவை. பாம்பு ஒன்றுதான் அதில் இல்லை.

ஒட்டகத்தைத் தடத்தால் அறிந்தவன் தடத்தாலேயே கொலைக்களத்துக்கு அனுப்பப்படுகிறான். கதை கட்டியவரின் கூர்மை இங்கேதான் இருக்கிறது என்பேன். மற்ற அமைச்சர்கள் அரசனின் அவசரத்தைத் தணிக்க ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அவற்றுள் ஒன்று நாமெல்லாரும் அறிந்த கீரிப்பிள்ளைக் கதை. தொட்டில் குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்த கீரி வாயில் இரத்தத்தோடு ஓடிவருகிறது. தாய் அதைக் கண்டு குழந்தையைக் கடித்துவிட்டது என்று அடித்துக் கொல்கிறாள். இரத்தம் உண்மையான தடயம். எவருடைய இரத்தம் என்பதைத் தடயம் சொல்லாது.

இதே கீரிக் கதை சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் வருகிறது. கீரியைக் கொன்ற பார்ப்பனிக்குக் கோவலன் முன்பு செய்த உதவியை மாடலன் அவனிடமே நினைவூட்டுகிறான். அடுத்து நடப்பதைச் சொல்லத் தேவையில்லை. கோவலன் கையில் ஒரு சிலம்பு. வெளித்தோற்றத்தில் காணாமற்போன சிலம்பைப் போன்றது. உள்ளே முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, கண்ணகி வந்து உடைக்கும்வரை. இளங்கோ கீரிக் கதையை அவ்விடத்தில் வைத்தது தற்செயல் என்று என்னால் நம்பமுடியவில்லை.

அமெரிக்க உளவுத்துறைகளை முன்பு நடத்திய ஜெனரல் மைக்கேல் ஹேடன், 2014இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக விவாதமொன்றில், நாங்கள் மீத்தரவை வைத்து மனிதர்களைக் கொல்கிறோம் என்று ஒத்துக்கொண்டார். அமெரிக்கர்களின் அழைப்புப் பதிவுகளை அதற்குப் பயன்படுத்துவதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். பாகிஸ்தான் கைபேசிகளின் பதிவுகளை வைத்து அல்-காய்தாவின் தூதர்களைக் கண்டுபிடிக்கும் ஒரு திட்டத்தைப் பற்றி 2015 மே மாதம் ஸ்னோடன் ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. யார் எங்கெங்கே பயணம் செய்கிறார், யாரோடெல்லாம் பேசுகிறார் என்பதைக் கணினி கணக்கிட்டு ஐயத்துக்குரியவர்களைத் தேர்ந்தெடுத்தது. அதில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவராகக் காட்டப்பட்டவர் அகமது ஸைதான். அவர் அப்போது அல்-ஜசீரா தொலைக்காட்சியின் இஸ்லாமாபாத் பொறுப்பாளர். பின்லாடனை நேர்காணல் செய்த செய்தியாளர். எல்லைப்புறங்களுக்குப் போவதும் போராளிகளோடு பேசுவதும் அவருடைய தொழில். ஆவணமோ அவரை அவ்வியக்கத்தின் உறுப்பினர் என்று எழுதிவைத்திருந்தது. அவரும் அவருடைய நிறுவனமும் அதை மறுத்தார்கள். போதாதித்தனும் பள்ளியறைக்குள் போனவன்தான்.

அளகேசன் நல்லவேளையாகக் கதை கேட்கும் அரசன். கேட்டுக் கேட்டுச் சினம் தணிந்து, கடைசியில் குற்றஞ்சாட்டப்பட்டவனைப் பேசவிடுகிறான், உண்மை வெளிவருகிறது. நூல் முழுவதும் அந்தத் தாமதத்தால் ஆனது. கணினிக்குக் கதை சொல்லும் அமைச்சர்கள் கிடையாது. மதிப்பெண் எப்படி வந்தது என்று குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் காட்டும் வழக்கமும் கிடையாது.

ஒன்று விட்டுப்போயிற்று. வெனிசுக் கதையில் ஒட்டகம் அகப்பட்டுவிடும். தமிழ்க் கதையில் அது திரும்ப வந்த செய்தி இல்லை. அரசன் நால்வருக்கும் வேலை கொடுத்துவிட்டு, வணிகனுக்குத் தன் கருவூலத்திலிருந்து 500 பொன் கொடுத்து அனுப்பிவைக்கிறான். அமெரிக்காவின் அந்தரங்க, குடிமை உரிமைக் கண்காணிப்பு வாரியம் 2014 ஜனவரியில் அழைப்புப் பதிவுத் திட்டத்தை ஆய்ந்து அறிக்கை தந்தது. பயங்கரவாத விசாரணை எதிலேனும் அத்திட்டம் முடிவை மாற்றியதற்கு ஓர் எடுத்துக்காட்டையும் வாரியத்தால் காணமுடியவில்லை.